ஐந்நூறடிச் சிகரங்கள்

ஆல்ப்சு மலைகளில் ஒரு கடினமான சிகரத்தை எட்ட விரும்புவோர் மாதக்கணக்கில் திட்டமிடுவார்கள். எந்தப் பருவத்தில் வானம் தெளியும், எந்த முகட்டிலிருந்து எந்த முகடு தெரியும், சுமையை யார் தூக்குவது, இருட்டுமுன் இறங்க எத்தனை நாழிகை வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டுக் குறிப்பேடு நிறைந்த பிறகே காலணியை மாட்டுவார்கள். செங்கற்பட்டுச் சீமைக் குன்றுகளுக்கு இத்தனை ஆயத்தமும் தேவையா என்று கேட்டால் நம்மில் பலர் சிரிக்கக்கூடும். ஐந்நூறு அடி உயரமுள்ள ஒரு குன்றில் ஏற, ஒரு செம்பு நீரும் கொஞ்சம் பொறுமையும் போதாதா?

போதாது என்று எண்ணிய ஒரு மனிதர் 1802இல் இங்கு இருந்தார். நம் சிறு குன்றுகளை அவர் ஆல்ப்சுச் சிகரங்களுக்குரிய கவனத்தோடு அணுகினார். அந்தக் கவனம் அரை நூற்றாண்டுக்குப் பின் உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கண்டுகொள்ள வழிகோலியது. அந்தத் திட்டத்தின் கதையும், அதற்கு இடம்கொடுத்த குன்றுகளின் கதையுமே இக்கட்டுரை.

உயரம் என்பது என்ன?

முதலில் ஒரு சிறு கணக்கு. பூமி உருண்டையாதலால் தரையில் நிற்பவர் கண்ணுக்குச் சில மைல்களுக்கப்பால் எதுவும் தெரிவதில்லை. உயர ஏற ஏறத் தொடுவானம் விலகிச் செல்கிறது. குன்றின் உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.22ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு ஏறத்தாழ மைலில் கிடைக்கும். நூறடிக் குன்றின் உச்சிக்கு அது 12 மைல். ஏறத்தாழ முந்நூறடி உயரமுள்ள பரங்கிமலைக்கு 21 மைல். ஐந்நூறடிக் குன்றுக்கு 27 மைல். அதனினும் சுவையானது, ஐந்நூறடி உயரமுள்ள இரு குன்றுகள் 54 மைல் இடைவெளியிலும் ஒன்றையொன்று காண முடியும் என்பது. நடுவே தடையில்லாதிருக்க வேண்டும்; காற்றும் தெளிந்திருக்க வேண்டும்.

கடலோரச் சமவெளியில் ஆங்காங்கே தனித்தெழுந்த பாறைக் குன்றுகளே செங்கற்பட்டுச் சீமையின் இயல்பு. இமயத்தில் ஒரு சிகரத்தை மறைக்க அண்டை மலையே போதும். இங்கோ ஒரு சிறு குன்றும் தன்னைச் சுற்றிய நாட்டையெல்லாம் ஆள்கிறது. வயதிலும் இக்குன்றுகள் ஆல்ப்சுக்கு மூத்தவை. ஆல்ப்சு மலைகள் உயர்ந்தது சில கோடி ஆண்டுகளுக்குள்தான். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளின் சார்னோகைட்டுப் பாறையோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு நம் பக்கத்துக் கல்லே போயிருந்ததால், 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அவர் பெயரையே பாறைக்கு இட்டார். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாக் கல்லறையில் துயிலும் ஆங்கிலேயருடையது!

முன்பே ஏறியவர்கள்

லாம்டனுக்கு முன்பே இக்குன்றுகளின்மேல் கண்வைத்தவர்கள் பலர். 1863 மே 30ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, எழுத்தும் ஏடும் தோன்றுவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்குன்றுகளின் அடிவாரம் மனிதருக்கு வாழிடமாயிருந்ததைச் சொல்லிற்று.

பல்லவர் காலத்தில் குன்றுகள் கோயில்களாயின. செங்கற்பட்டுக்குக் கிழக்கே சிறிது தொலைவில் உள்ள வல்லத்துக் குன்றில் வெவ்வேறு உயரங்களில் குடைவரைகள் உள்ளன. மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வசந்தப்பிரியராசரின் மகன் கந்தசேனன் அவற்றுள் ஒன்றைக் குடைவித்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கிறது. பேரரசனின் விருதுப் பெயர்களோடு ஒரு சிற்றரசன் மகனின் பெயரும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தப் பாறையில் நின்றுகொண்டிருக்கிறது.

அங்கிருந்து தென்கிழக்கே சென்றால் திருக்கழுக்குன்றம். வேதங்களே மலையுருக் கொண்டன என்று போற்றப்படும் இக்குன்றின் உச்சியில் வேதகிரீசுவரர் கோயில். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். தேவார மூவரும் பாடிய தலம். உச்சிப்பொழுதில் இரு பாறுக்கழுகுகள் வந்து உணவு பெற்றுச் செல்வதைக் காண அன்பர்கள் கூடிய காலம் ஒன்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு அந்த வருகை நின்றுவிட்டது. கீழே ஊருக்குள் இருக்கும் பக்தவத்சலேசுவரர் கோயிலில் முதலாம் ஆதித்த சோழனின் கல்வெட்டு ஒன்று, கந்தசிஷ்யன் அளித்து, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் உறுதிசெய்த பழைய நிலக்கொடையைத் தொடரச் செய்ததைப் பதிவு செய்கிறது. மூன்று காலத்து மன்னர்கள் ஒரே அறத்தைக் காத்த அரிய சான்று அது.

மலையிலிருந்து இறங்கும் வழியில் உள்ள ஒருகல் மண்டபம் என்னும் பல்லவக் குடைவரைக்குள் நுழைந்தால் எதிர்பாராத வேறொரு செய்தி. கல்லில் ஐரோப்பிய எழுத்துகள்! பதினேழாம் நூற்றாண்டில் அருகிலிருந்த சதுரங்கப்பட்டினத்தில் வாணிகம் செய்த டச்சுக்காரர்கள் மலையேறி வந்து தம் பெயர்களைப் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். தொன்மையான சின்னத்தில் பெயரைக் கீறுவோர்மேல் இன்று நாம் கோபப்படுகிறோம், கோபப்படத்தான் வேண்டும். ஆயினும் முந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தபின் அந்தக் கீறல்களே சான்றாகி நிற்கின்றன. சந்தைக் கணக்கும் துணிமூட்டையுமாய் இருந்த வணிகர்கள் ஒரு நாளேனும் இந்தக் குன்றில் ஏறினார்கள் என்பதற்குச் சான்று அது. உச்சிக்குச் சென்றிருந்தால், கிழக்கே ஒன்பது மைலளவில் தங்கள் கப்பல்கள் வந்துநிற்கும் கடலைத் தேடியிருப்பார்கள் என எண்ணத் தோன்றுகிறது.

திட்டமிட்டு ஏறிய மனிதர்

வில்லியம் லாம்டன் படைவீரர். 1799இல் சீரங்கப்பட்டணப் போரில் பங்குகொண்டவர். போர் முடிந்து கைக்கு வந்த நாட்டை அளக்க வேண்டும் என்று கும்பினியார் எண்ணியபோது, அவர் அதைவிடப் பெரியதொரு கோரிக்கையை முன்வைத்தார். சென்னைக் கரையிலிருந்து மங்களூர்க் கரைவரை குன்றுக்குக் குன்று பார்வைக் கோடுகளால் முக்கோணங்களை இணைத்துச் சென்றால் தீபகற்பத்தைத் துல்லியமாக அளக்கலாம், கூடவே பூமியின் வடிவத்தையும் அறியலாம் என்பது அவர் வாதம். சென்னைக் கும்பினி அவையில் ஒருவருக்கு இது வீண்செலவாகப் பட்டது. சீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதாதா, இத்தனை கருவிகள் எதற்கு என்றாராம். அவருக்கு நாடு என்பது போய்ச்சேர வேண்டிய ஊர்களின் வரிசை. லாம்டனுக்கோ அது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் உச்சிகளின் வலை. ஆளுநர் எட்வர்டு கிளைவ் அனுமதித்தார். ஆர்தர் வெல்லெஸ்லியும் துணைநின்றார்.

முக்கோண அளவையில் ஒரு பக்கத்தின் நீளத்தை மட்டும் தரையில் அளந்தால் போதும். மற்றவற்றைக் கோணங்களே சொல்லிவிடும். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் பிழை நேர்ந்தால் பிறகு வரும் ஒவ்வொரு முக்கோணமும் அப்பிழையைச் சுமக்கும். ஆகவே அடிக்கோட்டுக்கு இடம் தேர்வதுதான் திட்டத்தின் உயிர். சமதரை வேண்டும், இரு முனைகளிலும் குன்று வேண்டும். லாம்டன் தேர்ந்தது பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கிச் செல்லும் ஏழரை மைல் தரை. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பணி தொடங்கிற்று.

அளந்த சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. மக்கார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்குக் காட்டக் கொண்டுசென்ற அறிவியல் கருவிகளுள் அதுவும் ஒன்று. சீனத்தில் அதற்கு மதிப்பில்லாமற் போகவே கல்கத்தாவுக்கு வந்து விலைபோயிற்று. இரண்டரையடி நீளமுள்ள நாற்பது கண்ணிகளால் ஆன நூறடி எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளில் ஏற்றி, மட்டம் பார்த்து, வெயில் படாமல் கூடார நிழலில் வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அளந்தார்கள். இப்படி 400 முறை!

இத்தனை நுணுக்கம் ஏன் என்று தோன்றலாம். எஃகு வெயிலில் நீளும். இருபது பாகை பாரன்ஹீட் வெப்பம் கூடினால் நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு நீண்டுவிடும். நானூறு முறை கிடத்தும்போது அது ஐந்தடிப் பிழையாய் வளரும். சித்திரை வெயிலில் காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே இருபது பாகை ஏறுவதைச் செங்கற்பட்டுக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. முடிவில் கோட்டின் நீளம் 40,006 அடிக்குச் சற்று மேல் என்று கண்டார்கள்.

கோணமளக்கும் பெரிய தியோடலைட்டு அப்போது வந்து சேரவில்லை. லண்டனில் கேரி செய்த அந்தக் கருவி அரை டன் எடை. அதை ஏற்றிவந்த கப்பலை நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரிசியசுக்குக் கொண்டுபோய்விட்டனர். பெட்டிக்குள் இருப்பது போர்க்கருவியன்று, அறிவுக்கருவி என்றறிந்த பிரெஞ்சு ஆளுநர் அதைப் பெருந்தன்மையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். 1802 செப்டம்பரில் அது வந்திறங்கியது. இனிமேல்தான் மலையேற்றம்.

கருங்குழியின் இரவுகள்

அரை டன் கருவியோடு ஏறுவதென்றால் குன்றின் குணமே மாறிவிடுகிறது. முன்னதாகவே ஆட்கள் சென்று உச்சியைத் தேர வேண்டும். அங்கிருந்து அடுத்த இரு உச்சிகளாவது தெரிய வேண்டும். மறைக்கும் மரங்களை அகற்ற வேண்டும். கருவி அசையாதபடி மேடை கட்ட வேண்டும். எதிர்க் குன்றுகளில் கொடிக்காரர்கள் உரிய நேரத்தில் நிற்க வேண்டும். கோடையில் புழுதியும் கானலும் பார்வையைக் குலைக்கும். மழை கழுவிய வானமே தொலைநோக்கிக்கு உகந்தது. ஆனால் அந்த ஈரக் காலத்தில்தான் காடுகளில் காய்ச்சலும் பரவும். பருவத்தைத் தேர்வதும் உயிரைப் பணயம் வைப்பதும் ஒன்றாயிருந்த தொழில் அது.

அடிக்கோட்டிலிருந்து கிளம்பிய முக்கோணங்கள் கடற்கரையை ஒட்டித் தெற்கே கடலூர்ப் பக்கம்வரை நீண்டன. நடுவில், மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழிக்கு ஒரு தனிச் சிறப்புக் கிடைத்தது. கருநாடகப் போர்களில் கோட்டைக்காகப் பெயர்பெற்ற அவ்வூரை ஆங்கிலேயர் 'கரங்கூலி' என்றெழுதினர். அங்கும், மேற்கே ஐம்பது மைலுக்கும் அப்பால் அவர்கள் 'கர்நாட்டிகர்' என்றெழுதிய மலையிலும் நிலையங்கள் அமைத்து, வடதிசைக் கோட்டுக்குக் குறுக்கே பூமியை அளக்க முனைந்தார் லாம்டன். இரவில் ஓர் உச்சியில் நீலவொளி கொளுத்தப்படும். மற்ற உச்சியில் இருப்பவர் அதைத் தொலைநோக்கியில் பிடித்து, துருவ நட்சத்திரத்துக்கும் அந்த ஒளிக்கும் இடையிலான கோணத்தை அளப்பார். ஐம்பது மைல் தொலைவில் ஒரு பொட்டு வெளிச்சம். அது அணைவதற்குள் அளந்தாக வேண்டும். கருங்குழிப் பக்கத்து உழவர்கள் அந்த ஒளியைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ!

இங்கேதான் நாம் மேலே போட்ட கணக்கு பொருள்பெறுகிறது. சமவெளிக் குன்று தாழ்வாயிருந்தாலும் எதிரேயுள்ள மலை உயர்ந்திருந்தால் கோடு கைகூடும். ஒன்றின் குறையை மற்றது நிறைவு செய்கிறது. தனித்த உயரம் அங்கே எதற்கும் உதவாது. எதிரில் ஒரு துணை வேண்டும்.

இந்த அளவைகள் தந்த விளைவு உள்ளூர்க் காரியமாய் நிற்கவில்லை. பிரான்சில் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனாவரை அளந்த பாகையோடு, நம் பன்னிரண்டாம் அட்சரேகையருகே அளந்த பாகையையும் ஒப்பிடும்போதுதான் துருவங்களில் பூமி எவ்வளவு தட்டையானது என்பதைக் கணிக்க முடியும். மங்களூர்வரை சென்று சேர்ந்தபோது இன்னொரு வியப்பு. 400 மைல் என்று வரைபடங்கள் காட்டிய தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நாடு காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது!

உச்சிகளின் சங்கிலி

தெற்கே தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் தீர்ந்துபோயின. 1808இல் பெரிய கோயில் விமானத்தின்மேல் அந்தத் தியோடலைட்டை ஏற்ற முயன்றபோது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். செங்கற்பட்டின் குன்றுகள் எத்தகைய வரம் என்பது தஞ்சையில்தான் அவருக்கு முழுதாய் விளங்கியிருக்க வேண்டும்.

1823 ஜனவரி 20ஆம் நாள், இன்றைய மராட்டிய மாநிலத்து ஹிங்கன்காட்டில், பணியின் நடுவே அவர் மறைந்தார். ஜார்ஜ் எவரெஸ்டு தொடர்ந்தார். முக்கோணங்கள் வடக்கே இமயத்தின் அடிவாரம்வரை சென்றன. 1849-50இல் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து 'பதினைந்தாம் சிகரம்' நோக்கப்பட்டது. ராதாநாத் சிக்தாரின் கணக்கீடுகள் அதுவே எல்லாவற்றிலும் உயர்ந்தது எனக் காட்டின. 1856இல் வெளியான உயரம் 29,002 அடி. நேபாளமும் சீனாவும் 2020இல் அறிவித்த 8848.86 மீட்டரோடு ஒப்பிட்டால் வேறுபாடு முப்பது அடியளவே. 1953இல் மனிதக் கால் அங்கே படுவதற்குத் தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்கு முன்பே, யாரும் ஏறாமல் அந்தச் சிகரம் அறியப்பட்டுவிட்டது. ஏறியவர்கள் வேறு குன்றுகளில் ஏறியிருந்தார்கள், முதற்குன்று பரங்கிமலை.

சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் வாய்த்தது. லாம்டனுக்குப் பரங்கிமலையில் ஒரு மார்பளவுச் சிலை. அரை டன் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும், ஐம்பது மைலுக்கப்பால் கடுங்குளிரிலும் காய்ச்சலிலும் விளக்கருகே விழித்திருந்தவர்களுக்கும் எந்த மலையிலும் பெயரில்லை. ஒருகல் மண்டபத்து டச்சுக்காரர்கள் தம் பெயரைத் தாமே வெட்டிக்கொண்டார்கள். நம் சுமைதூக்கிகள் அதையும் செய்யவில்லை.

இன்று ஏறுவோருக்கு

மேலே சொன்ன உச்சிகளை இணைத்து ஒரு பயணத்தை வாசகர்கள் திட்டமிடலாம். மழை ஓய்ந்து காற்று தெளியும் தை, மாசி மாதங்களே உகந்தவை. ஒருநாளில் முடிக்க வேண்டாம்.

காலையில் பரங்கிமலை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டுவித்த படிகளின் வழியே ஏறி, உச்சியில் தெற்கு நோக்கி நில்லுங்கள். மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்துக் கட்டடங்களுக்கிடையே பெரும்பாக்கத்தைத் தேடுங்கள். அங்கிருந்து வல்லம், பிறகு திருக்கழுக்குன்றம். மறுநாள் மாமல்லபுரம். மகிடாசுரமர்த்தினி குடைவரைக்கு மேலே பாறையுச்சியில் இராசசிம்மன் கட்டிய ஒலக்கண்ணேசுவரர் கோயில் நிற்கிறது. பக்கத்தில் இன்றைய கலங்கரை விளக்கம் எழும்வரை அக்கோயிலின் தலையிலேயே விளக்கு எரிந்தது. மாலுமிகளின் 'ஏழு கோயில்களை'ப் பற்றி 1798இல் கட்டுரை வெளியிட்ட ஜான் கோல்டிங்காம், சென்னை வானாய்வகத்தின் வானியலாளர். லாம்டனின் அளவைக்கு ஆதார ரேகையாய் நின்றது அந்த ஆய்வகமே. சிற்பம் பார்த்த கண்ணும் நட்சத்திரம் பார்த்த கண்ணும் ஒருவருடையதாய் இருந்த காலம் அது. கடைசியாகக் கருங்குழி. முடிந்தால் மாலையில் சென்று, இருட்டியபின் மேற்கே ஒரு முறை பாருங்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. திரிசூலம், பல்லாவரம், நன்மங்கலம் எனச் சென்னையின் தெற்கே குன்றுகளைக் கல்குவாரிகள் குடைந்து நீர்தேங்கிய பள்ளங்களாக்கியிருப்பதை யாரும் காணலாம். வீடுகட்ட ஜல்லி வேண்டும், மறுக்கவில்லை. பரங்கிமலைச் சார்னோகைட்டைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிவித்திருக்கிறது, நன்று. ஆனால் ஒரு குன்றை மட்டும் காத்தால் போதாது என்பதைத்தான் லாம்டனின் வரலாறு சொல்கிறது. முக்கோணத்தின் ஒரு முனை போனால் மூன்று கோடுகளில் இரண்டு போய்விடும். எஞ்சிய முனைகளில் நிற்பவர்களுக்கு எதிரே பார்க்க ஒன்றும் இராது.

ஒரு குன்றை அழிக்குமுன் அதன் உயரத்தை அடிக்கணக்கில் அளந்து, 'சிறியதுதானே' என்று சொல்லிவிடுவது எளிது. அங்கிருந்து எத்தனை உச்சிகள் தெரிகின்றன என்று ஏறிப் பார்த்து எண்ணியபின் அதைச் சொல்லட்டும். ஏறுவதற்கு ஐந்நூறு படிகள்தாம்!